காற்றின் வரம்பு

விநாடிக்குப் பதினெட்டு மீட்டர்.
அதைத் தாண்டினால் கூரையை மூடிவிட வேண்டும்,
அட்டகாமாவில் இந்த மலையின் சட்டம் அது.
எண் பத்தொன்பதாகிச் சிவந்ததும்
யெர்கோ பொத்தானை அழுத்தினான்.
எட்டு மீட்டர்க் கண்ணாடி இருட்டுக்குள் போயிற்று.
எண்ணூறு கோடி ஆண்டு நடந்து வந்த ஒளி
கடைசி முப்பது மீட்டரில்
தகரத்தில் முட்டி நின்றது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
நெல் வைத்திருப்பவர்களுக்கு.
காற்றுள்ளபோது எங்களுக்குக்
காபி.

இஸ்மேனியா திங்கட்கிழமை எடுத்த நிறமாலையைத்
திரையில் விரித்து வைத்திருந்தாள்.
ஒரு கோடு, அதில் ஒரு பள்ளம்.
மக்னீசியம் தின்றது போக
மிச்சம்தான் இங்கே வந்திருக்கிறது என்றாள்.
பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை,
நீலத்தின் பக்கமாக
நகக்கண் அளவு ஒதுங்கியிருந்தது.
அந்த நகக்கண்ணை அவள்
விநாடிக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்று வாசித்தாள்.

யெர்கோ தன் பத்தொன்பதை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.
'அந்த ஊரில் கூரையே நிற்காது.'

அந்த ஊரில்
ஆண்டுக்கு எண்பது சூரியன் எடைக்கு விண்மீன் பிறக்கிறது.
நம் பால்வீதியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.
பிறந்தவற்றில் பெரியவை அவசரக்காரர்கள்,
கொஞ்ச காலத்தில் வெடித்துவிடுவார்கள்.
வெடிப்பும் வெளிச்சமும் சேர்ந்து நெட்ட,
அடுத்த விண்மீனுக்கென்று இருந்த வாயு
வாசல் தாண்டிப் போகிறது.
நெருக்கியடித்துப் பிறந்தால் வேகம் கூடும்.
எவ்வளவு கூடும் என்பதில்தான்
இஸ்மேனியாவுக்கு ஆறு வருடமாக
பலரோடு பேச்சுவார்த்தை இல்லை.

நீலம் என்றால் நம்மை நோக்கி என்று பொருள்.
அங்கிருந்து பார்த்தால் போகிறது,
இங்கிருந்து பார்த்தால் வருகிறது.
ஒரு துளியும் வந்து சேராது.
வந்தது
அது ஒளியில் விட்டுப்போன ஓட்டை.

'எங்கள் ஊரும் இப்படித்தான்' என்றான் யெர்கோ.
செம்பு உருக்காலை இருக்கிறதென்றுதான்
அத்தனை பேரும் அங்கே குடிவந்தார்கள்.
உருக்காலைப் புகைதான் பள்ளிக்கூடத்தைப் பூட்டியது.
லாரிகளில் கட்டில்கள் போயின, ஒரு பியானோ போனது,
கால்பந்துத் திடலின் கம்பங்களைக்கூட
யாரோ பிடுங்கிப் போனார்கள்.
உலை இன்னும் எரிகிறது.
பேருந்தில் போய் எரித்துவிட்டு
பேருந்தில் திரும்புகிறார்கள்.

'ஒப்புமை சரியில்லை' என்றாள் அவள்.
'என் வாயுவில் கொஞ்சம் குளிர்ந்து
திரும்பி விழும்.'

அவன் யோசித்தான்.
'நவம்பர் முதல் தேதி வருவோம்.
கல்லறைகளுக்குப் பூ வைக்க.
சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட வேண்டும்.'

மூன்று மணிக்குச் சமையலறையில்
அவெலினோ அடுப்பில் வைத்த பால்
ஆள் இல்லாத சமயம் பார்த்துப் பொங்கியது.
தன் சூட்டில் தானே எழும்பி
விளிம்பு தாண்டி வழிந்து
அடியில் இருந்த நெருப்பை அணைத்தது.
வாயு நாற்றம்.
ஜன்னலைத் திறக்க ஓடிய அவெலினோ
கறுப்புத் திரையை விலக்கலாமா என்று
அந்த அவசரத்திலும் கேட்டான்.
மூடிய கூரைக்கு எந்த வெளிச்சம் கெடுதல்?
சிரித்தோம்.
இஸ்மேனியா கையில் துணியோடு
வெகுநேரம் துடைக்காமல் நின்றாள்.
பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் பால் இருந்தது.
அதை மூன்று பேர் குடித்தோம்.

நாலே முக்காலுக்குக் காற்று பதின்மூன்று.
வடக்கே இன்னும் முகம் காட்டக் கூடாது.
நல்லவேளை, அவளுடைய திரள் தென்மேற்கில்
அடிவானத்துக்குச் சரிந்துகொண்டிருந்தது.
விடிவதற்குள் ஒரே ஒரு முறை, நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடமும் செய்ய ஒன்றுமில்லை.
கண்ணாடி சேர்த்துக்கொண்டிருந்தது.
அவெலினோ அடுப்பைத் தேய்க்கும் சத்தம்
தாழ்வாரம் வழியே வந்துகொண்டிருந்தது.

பள்ளம் அதே இடத்தில் இருந்தது.
கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது, அல்லது
எங்களுக்குத் தூக்கம்.

யெர்கோ இரவுப் பதிவேட்டை முடித்தான்:
கூரை மூடியிருந்த நேரம், ஐந்து மணி பத்து நிமிடம்.
காரணம், காற்று.
வேறு குறிப்புகள் என்ற கட்டத்தில்
கொஞ்சம் தயங்கி
பால் பொங்கியது என்று எழுதி
கையெழுத்துப் போட்டான்.